பைன் வேலியின் அடி காலியாகிவிட்டதா? இடைவெளியை நிரப்பும் முறை, முதலிலிருந்து கடைசி வரை

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் இந்தக் கேள்வி என்னைத் தேடி வந்துவிடும். "அண்ணே, வேலி மேலே நல்லா பச்சையா இருக்கு. கீழே மட்டும் ஓட்டை ஓட்டையா தெரியுது. என்ன செடி வாங்கி வைக்கலாம்?" கேட்பவர்களில் பாதிப் பேர் அதற்குள் நர்சரிக்குப் போய்ச் செடியை வாங்கி வந்து வாசலில் வைத்திருப்பார்கள்.

தப்பு அங்கேதான் தொடங்குகிறது. புதுச் செடி நடுவது இந்த வேலையின் கடைசிப் பகுதி. எந்தக் காரணத்தால் பழைய கிளை காய்ந்ததோ, அதே காரணம் புதுச் செடியையும் நாலு மாதத்தில் காய வைத்துவிடும். காரணத்தைக் கண்டுபிடிப்பது, வெளிச்சத்தைக் கீழே கொண்டுவருவது, பக்கத்தில் இருக்கும் பச்சைக் கிளையை இழுத்துக் கட்டுவது, அப்புறமும் மிச்சம் இருந்தால் நடுவது. இந்த வரிசையை மாற்றாதீர்கள். பல வீடுகளில் மூன்றாவது படியோடு வேலை முடிந்திருக்கிறது, ஒரு செடிகூட வாங்காமல்.

1. உங்கள் வேலி எந்தச் செடி?

நம் ஊரில் ஊசி மாதிரி இலை இருந்தால் எல்லாமே 'பைன்'தான். விற்பவர்களும் அப்படியே சொல்லி விற்கிறார்கள். ஆனால் வெட்டிய இடத்தில் மறுபடி துளிர்க்குமா என்பது செடிக்குச் செடி மாறும். கத்தரியை எடுக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

துஜா என்றால் இலைக்கொத்து தட்டையாக, விசிறியை நிமிர்த்திப் பிடித்தது போல் செங்குத்தாக நிற்கும். இலைகள் செதில் செதிலாகத் தண்டோடு ஒட்டியிருக்கும். காய் சின்னது, நீலம் பூத்த பச்சை, அதன் மேல் கொம்பு போன்ற முனைகள். கோயில் வாசலிலும் பள்ளிக்கூட ஓரத்திலும் நான் அதிகம் பார்ப்பது இதுதான்.

ஜுனிப்பர் கையை விட்டால் குத்தும். ஒரே செடியில் குத்தும் ஊசி இலையும் மென்மையான செதில் இலையும் கலந்திருக்கும்.

இந்த இரண்டிலும் இலை உதிர்ந்து பழுப்பாகிவிட்ட பழைய கட்டையில் புதுத் துளிர் வராது. அந்தக் கட்டையில் விழித்தெழ மொட்டு எதுவும் மிச்சம் இருப்பதில்லை. மாமரத்தையோ செம்பருத்தியையோ வெட்டித் துளிர்க்க வைத்த பழக்கத்தில் இதையும் வெட்டினால், வெட்டிய இடம் அப்படியே நிற்கும். இதை நான் சொந்த அனுபவத்தில் படித்தேன். பல வருடத்துக்கு முன் ஒரு வீட்டில் துஜா வேலியை ஒரு அடி உள்ளே தள்ளி வெட்டிவிட்டு, மழை வந்தால் துளிர்த்துவிடும் என்று சொல்லி வந்தேன். மழை வந்தது, அடுத்த மழையும் வந்தது. வெட்டிய பக்கம் எலும்புக்கூடு மாதிரியே நின்றது. கடைசியில் நாலு செடியைப் பிடுங்க வேண்டியதாயிற்று. அந்த அம்மா ஆசையாக வளர்த்த வேலி அது.

போடோகார்பஸ் வேறு ரகம். இலை தட்டையாக, விரல் நீளத்துக்குப் பட்டையாக இருக்கும். ஊசியிலை மரக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும் பழைய கட்டையிலிருந்தும் துளிர் விடக்கூடியது. உங்கள் வேலி இதுவாக இருந்தால் பாதிக் கவலை குறைந்தது. அடியில் வெளிச்சம் விழவைத்து, காலியான கிளைகளைக் கொஞ்சம் குறைத்து வெட்டிவிட்டுக் காத்திருக்கலாம்.

ரு மரத்தை வேலியாக வெட்டி வளர்ப்பவர்களும் உண்டு. நாம் சவுக்கு என்று சொல்வது. பார்க்கப் பைன் மாதிரி இருந்தாலும் இது பூக்கும் மரம், ஊசியிலை மரம் அல்ல. பச்சை இணுக்கை இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். இனி எழுதுவது துஜாவையும் ஜுனிப்பரையும் மனதில் வைத்து எழுதுவது.

2. எப்போது தொடங்குவது, என்ன வேண்டும்

எங்கள் பக்கம் அக்டோபர், நவம்பரில் மழை நன்றாகப் பிடிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் இன்னொரு சுற்று. ஜனவரி கடைசியும் பிப்ரவரியும், அப்புறம் ஜூன், ஜூலையும் காய்ந்த மாதங்கள். அதனால் சோதித்துப் பார்ப்பதையும் வெட்டுவதையும் செப்டம்பரில் முடித்துவிட்டு, நடுவதை அக்டோபர் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வேர் பிடிக்க மூன்று மாதமாவது ஈரம் கிடைக்கும். தைப்பூசத்துக்குப் பக்கத்தில் நட்டால் முதல் மாதமே வெயிலோடு போராட வேண்டும்.

கைக்கத்தரி, நீளக் கத்தரி, சின்னக் கைரம்பம், கையில் பிடித்துக் கிளறும் களைக்கொத்தி, இரண்டு மூன்று அடி நீளத்தில் மூங்கில் பிளாச்சு, நூல் கயிறு, கத்தியைத் துடைக்கக் கொஞ்சம் ஸ்பிரிட். கிளையைக் கட்டுவதற்குப் பழைய சைக்கிள் டியூபை விரல் அகலத்துக்குப் பட்டையாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கம்பி வேண்டாம், பட்டையை அறுத்துவிடும். வாழை நாரால் கட்டிப் பார்த்தேன். இரண்டு மழைக்கு மேல் தாங்கவில்லை.

வேலிக்குள் கையை விடும் முன் ஒரு நீளக் குச்சியால் தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் தள்ளி நின்று பாருங்கள். குளவிக்கூடு, சிவப்பு எறும்பு, பாம்பு மூன்றையும் நான் வேலிக்குள் பார்த்திருக்கிறேன். கையுறை கட்டாயம்.

3. நகத்தால் சுரண்டிப் பாருங்கள்

காலியாகத் தெரியும் இடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கிளையாகப் பிடித்து நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். கீழே ஈரமாக, பச்சையாக இருந்தால் கிளைக்கு உயிர் இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்த கருவாடு மாதிரி இருந்தால் முடிந்தது.

நுனியிலிருந்து தொடங்கித் தண்டுப் பக்கம் நகர்ந்து வாருங்கள். நுனி காய்ந்திருந்தாலும் நடுவில் ஒரு சின்னப் பச்சை இணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். அரிசி மணி அளவு பச்சை போதும், அந்தக் கிளையை வெட்டாதீர்கள். வெளிச்சம் கிடைத்ததும் ஓட்டையை மூடப் போவது அதுதான். உயிருள்ள கிளைக்கெல்லாம் ஒரு துண்டுத் துணி கட்டி அடையாளம் வையுங்கள். புதிதாக வேலைக்கு வரும் தம்பிகள் 'அசிங்கமா இருக்கு' என்று முதலில் வெட்டித் தள்ளுவது இந்தக் கிளைகளைத்தான்.

வேலியின் உள்பக்கம், தண்டை ஒட்டிய இடம், பழுப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வெளிச்சம் போகாத இடத்தில் இலை தங்காது. எல்லா ஊசியிலை வேலிக்கும் உள்ளே அப்படித்தான் இருக்கும்.

4. ஏன் காலியானது?

இந்த ஒரு கேள்விக்கு அரை நாள் கொடுங்கள். நான் பார்த்தவரை காரணங்கள் இவைதான், அதிகம் வருவது முதலில்.

மேல் அகலம், கீழ் ஒடுக்கம். வேலியைத் தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். மேல்பகுதி குடை மாதிரி விரிந்து, அடி உள்ளே போயிருக்கிறதா? நாம் நின்றுகொண்டு வெட்டுகிறோம். இடுப்புக்குக் கீழே கை போகும்போது கத்தரி தானாக உள்பக்கம் சாயும். வருடா வருடம் இப்படி வெட்டினால் மேல்பகுதியின் நிழல் அடியைக் கொன்றுவிடும். பத்து வேலியில் ஆறேழு இதனால்தான் காலியாகின்றன.

புல் வெட்டும் மெஷின். சுற்றும் நைலான் நூல் அடித்தண்டில் பட்டால் பட்டை உரியும். தரையிலிருந்து நாலு விரல் உயரத்துக்குள் தண்டைச் சுற்றித் தழும்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தண்டின் முழுச் சுற்றும் உரிந்திருந்தால் அந்தச் செடி பிழைக்காது. ஒரு பக்கம் மட்டும் என்றால், அந்தப் பக்கத்துக் கிளைகள் காயும்.

களைமருந்து. நம் ஊரில் மருந்தடிப்பது எல்லோருக்கும் பழகிப்போன வேலை. தோட்டத்தில் அடித்துப் பழகியவர்கள் வீட்டு வேலிக்கு அடியிலும் அப்படியே பம்பைப் பிடிக்கிறார்கள். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை. ஆனால் கிளைபோசேட் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. புல்லின் மேல் அடிக்கும்போது காற்றில் பறக்கும் துளி வேலியின் கீழ்க் கிளைகளில்தான் விழும். பட்ட இலை மஞ்சளாகிப் பழுப்பாகும், கிளையின் உள்ளேயும் மருந்து இறங்கும். முழங்கால் உயரம் வரை ஒரே மட்டமாகக் காய்ந்து, அதற்கு மேல் நன்றாக இருந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். வீட்டில் யார் கடைசியாக மருந்தடித்தது என்று கேளுங்கள். திட்டுவதற்காக இல்லை, நிறுத்துவதற்காக.

நாய். கேட்டுக்குப் பக்கத்து மூலையில் மட்டும், ஒரு அடி உயரத்தில் காய்ந்திருந்தால் நாய் கால் தூக்கும் இடம் அது. சிறுநீரில் இருக்கும் உப்பு இலையைச் சுட்டுவிடும். அந்த இடத்தைத் தினமும் தண்ணீரால் கழுவிவிட்டு, அடியில் ஒன்றரை அடி உயரத்துக்குக் கோழிக்கம்பி வலை கட்டினால் நின்றுவிடும்.

லோங்காங் (வடிகால்) பக்கத்து ஈரம். வேலிக்கு அருகில் ஒரு அடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் வேர் மூச்சுத் திணறுகிறது. ஒரு வேரைக் கிள்ளி விரலால் உருவிப் பாருங்கள். மேல்தோல் வழுக்கிக்கொண்டு வந்து உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் வேரழுகல். அங்கே புதுச் செடி நடுவது காசை லோங்காங்கில் போடுவது மாதிரி. முதலில் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டுங்கள்.

பூச்சி. காய்ந்த மாதங்களில் சிலந்திப்பேன் வரும். வெள்ளைத் தாளைக் கிளைக்கடியில் பிடித்துத் தட்டுங்கள். மிளகாய்த் தூள் அளவுப் புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, இலையின் உள்பக்கமும் படும்படி சில நாளுக்கு ஒருமுறை கழுவினால் பெரும்பாலும் அடங்கிவிடும். சுருட்டிய குப்பைத்தூள் பை மாதிரி ஏதாவது கிளையில் தொங்கினால் அது பைப்புழு. செம்பனையை (எண்ணெய்ப் பனையை) மொட்டையடிக்கும் பைப்புழுவின் சொந்தக்கார இனம். கையால் பறித்து சோப்புத் தண்ணீரில் போடுங்கள். பறித்துக் கீழே போட்டால் மறுபடி ஏறிவிடும்.

ஒரே வேலியில் இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்தும் இருக்கும். கண்டுபிடித்ததை ஒரு தாளில் எழுதி, எந்தச் செடிக்கு எது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

5. வெளிச்சத்தைக் கீழே இறக்குங்கள்

அடி அகலமாகவும் மேல் ஒடுக்கமாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் சாய்ந்து வரும் வெயில் தரை வரை விழும்.

ஐந்து அடி உயர வேலிக்கு நான் வைக்கும் அளவு: அடியில் மூன்று அடி அகலம், உச்சியில் இரண்டு அடி. அதாவது ஒவ்வொரு பக்கமும் அரை அடி உள்ளே சாய வேண்டும். கண்ணால் பார்த்து வெட்டினால் வராது. வேலியின் இரண்டு முனையிலும் மூங்கில் கழியை அதே சாய்வில் ஊன்றுங்கள். கழிகளுக்கு நடுவே மேலே ஒரு கயிறு, கீழே ஒரு கயிறு கட்டுங்கள். கயிற்றைத் தொடாமல் வெட்டிக்கொண்டே போங்கள்.

மேல்பகுதியை ஒடுக்கும்போது பழுப்புக் கட்டை கண்ணில் பட்டதும் நிறுத்திவிடுங்கள். கயிறு இன்னும் உள்ளே இருந்தாலும் பரவாயில்லை. நான்கு விரல் அகலமாவது பச்சை வெளியே இருக்கட்டும். இந்த வருடம் கொஞ்சம், அடுத்த வருடம் கொஞ்சம் என்று சாய்வைக் கொண்டுவரலாம். ஒரே நாளில் சரிசெய்யப் பார்த்தால் அடியில் இருந்த ஓட்டை மேலேயும் வந்துவிடும்.

பக்கத்தில் குறைக்க முடியாதபோது உயரத்தைக் குறைக்கலாம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். உச்சியில் வெட்டிய கட்டை சில மாதம் தெரியும், சுற்றியுள்ள இணுக்குகள் வளர்ந்து மூடிக்கொள்ளும். மேலே நிற்கும் மாங்கிளை, ரம்புத்தான் கிளை ஏதாவது வேலியை மறைக்கிறதா என்றும் அண்ணாந்து பாருங்கள். ஒரு கிளையை எடுத்தாலே அடியில் வெளிச்சம் மாறும்.

வெட்டுவது காலையிலோ மேகமூட்டமான நாளிலோ இருக்கட்டும். இவ்வளவு நாள் நிழலில் இருந்த இலை உச்சி வெயிலில் திடீரென்று வெளியே வந்தால் கருகும். தீபாவளிக்கு முந்தின வாரம் அவசரமாக ஒட்ட வெட்டுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். விருந்தாளிகள் வரும்போது மட்டமாக இருக்கும், பொங்கலுக்குப் பழுத்துவிடும்.

6. அடியைச் சுத்தம் செய்வது

சோதனையில் செத்தது என்று உறுதியான கிளைகளை மட்டும் தண்டை ஒட்டி எடுங்கள். உள்ளே சிக்கியிருக்கும் காய்ந்த இலைக்குப்பையைக் கையால் உதிர்த்து வெளியே இழுங்கள். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வெளிச்சத்தையும் மறைக்கிறது.

புல்லையும் கொடிகளையும் கையால் பிடுங்குங்கள். வேலியின் இரண்டு பக்கமும் ஒரு முழம் புல் இல்லாமல் இருந்தால் மெஷின் அருகே வரவேண்டிய தேவையே இல்லை. சங்குலால் (மண்வெட்டியால்) ஆழமாகக் கொத்த வேண்டாம். இந்தச் செடிகளின் உணவு வேர்கள் மேல்மண்ணில்தான் பரவியிருக்கும்.

சுத்தம் செய்த இடத்தில் இரண்டு மூன்று விரல் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள். காய்ந்த இலை, தென்னைநார்த் தூள், எது கிடைத்தாலும் சரி. பழத்தை உதிர்த்த பின் மிஞ்சும் செம்பனைக் காலிக்குலை இலவசமாகக் கிடைக்கிறதே என்று சிலர் குவியலாகக் கொட்டுகிறார்கள். குவிந்து மக்கும் குலையில் காண்டாமிருக வண்டு முட்டையிடும், ஈயும் மொய்க்கும். பிய்த்து ஒரே அடுக்காகப் பரப்பினால் நல்ல பொருள்தான். எதைப் போட்டாலும் தண்டைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தண்டோடு ஒட்டினால் பட்டை ஊறி அழுகும்.

இந்த இடத்தில் ஆறு வாரம் நிறுத்திவிடுங்கள். துணி கட்டி வைத்த கிளைகளில் எத்தனை துளிர்க்கின்றன என்று பார்த்த பிறகுதான் ஓட்டையின் உண்மையான அளவு தெரியும்.

7. பக்கத்துக் கிளையை இழுத்துக் கட்டுவது

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. காசு செலவில்லை, செடியும் தன் வேரிலேயே நிற்கிறது.

ஓட்டையின் ஓரத்தில், பென்சில் கனத்துக்கு மிஞ்சாத பச்சைக் கிளை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நுனியில் மட்டும் பச்சை இருந்தால் போதாது, பாதி நீளமாவது இலை இருக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் காலை இதற்கு நல்ல நேரம், கிளை நெகிழ்ந்து கொடுக்கும். காய்ந்த நாள் பிற்பகலில் வளைத்தால் முறியும்.

மூங்கில் பிளாச்சை ஓட்டையின் குறுக்கே சாய்வாக ஊன்றுங்கள். அடியில் வேர் தட்டினால் கொஞ்சம் நகர்த்தி ஊன்றுங்கள், அமுக்கிக் குத்தாதீர்கள். இப்போது கிளையின் அடியை, அது தண்டில் சேரும் இடத்தை, ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் மெதுவாகப் பிளாச்சுப் பக்கம் கொண்டுவாருங்கள். சட்டையைத் தைக்கும்போது துணியை விரலால் நகர்த்துவோமே, அந்த வேகம் போதும். பட்டை சுருங்கிக் கோடு விழுவது தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்த அளவில் கட்டிவிட்டு, இரண்டு வாரம் கழித்து மீதியை இழுங்கள்.

கட்டும்போது டியூப் பட்டையைத் தமிழ் எட்டு மாதிரி இல்லாமல், எண் 8 மாதிரி போடுங்கள். ஒரு வளையம் கிளைக்கு, இன்னொன்று பிளாச்சுக்கு, நடுவில் குறுக்குச் சுற்று. அப்போதுதான் காற்றில் கிளையும் மூங்கிலும் உரசாது. கிளைக்கும் கட்டுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைய வேண்டும்.

ஒரு ஓட்டைக்கு ஒரு கிளை போதாது. இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, முடிந்தால் மேலிருந்து ஒன்று. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துவிடாமல் விரல் விரித்த மாதிரி பிரித்துக் கட்டுங்கள். படுத்துக்கொண்டால் ஒன்றின் நிழலில் மற்றது காயும்.

கட்டிய கிளையில் வெளிறிய புதுத் துளிர் கண்ணில் பட்டதும், நுனியை ஒரு அங்குலம் கிள்ளிவிடுங்கள். நுனி ஓட்டம் நின்றால்தான் பக்கத்து இணுக்குகள் பருக்கும். மறுபடி வளர்ந்ததும் மறுபடி கிள்ளுங்கள். இதைப் பொறுமையாகச் செய்தால் பலாப்பழம் அகலத்துக்கு இருக்கும் ஓட்டை ஒரு வருடத்தில் மூடிவிடுகிறது. ஒரு பள்ளிக்கூட வேலியில் இப்படிப் பதினோரு இடத்தைக் கட்டி, ஒன்பது மூடின. மிச்சம் இரண்டுக்குத்தான் செடி நட்டோம்.

மாதம் ஒருமுறை எல்லாக் கட்டுகளையும் தளர்த்திப் பாருங்கள். நம் ஊர் வெப்பத்தில் கிளை வேகமாகப் பருக்கும், கட்டு பட்டைக்குள் புதைந்துவிடும். ஒரு கட்டு மறந்துபோனால் அந்தக் கிளை அங்கேயே ஒடிந்துபோகும்.

8. மிச்சம் இருக்கும் ஓட்டையில் நடுவது

முதலில் வெயிலை எண்ணுங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக நேர் வெயில் விழுந்தால் துஜாவோ ஜுனிப்பரோ அங்கே அடர்ந்து வராது. அடுத்த பகுதிக்குப் போங்கள்.

வெயில் போதும் என்றால், உங்கள் வேலியில் இருக்கும் அதே செடியின் சிறு கன்றை வாங்குங்கள். ஆறு அங்குலப் பாலிபேக்கில் இருப்பது போதும். பெரிய செடி வாங்கினால் உடனே மூடிவிடும் என்று தோன்றும். ஆனால் பெரிய வேர்க்கட்டிக்குப் பெரிய குழி வேண்டும், அதற்குப் பழைய வேரை வெட்ட வேண்டும். நட்ட செடியும் தாகத்தில் அடி இலையை உதிர்க்கும். கன்று சீக்கிரம் பழகிக்கொள்ளும். ஒரு பெரிய செடியின் விலைக்கு நாலைந்து கன்று கிடைக்கும், ஒன்று போனாலும் மனம் வலிக்காது.

கேமரன் மலைக்குப் போய்வரும்போது வாங்கிவரும் எலுமிச்சை வாசனைச் சைப்ரஸை இங்கே நடாதீர்கள். மஞ்சள் கலந்த பச்சையில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அது குளிர் ஊர்ச் செடி. எங்கள் சமவெளி வெக்கையில் கீழிருந்து மேலாகக் காய்ந்துவிடும். பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கிய செடி கண் முன்னால் காய்வதைப் பார்ப்பது கஷ்டம்.

பாலிபேக்கைக் கிழித்ததும் வேரைப் பாருங்கள். சுருள் சுருளாகச் சுற்றியிருந்தால் விரலால் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மண்ணுக்குள் போயும் அப்படியே சுற்றும்.

நடும் இடம் பழைய தண்டுகளின் நடுக்கோட்டில் இருக்க வேண்டாம். வெளிச்சம் வரும் பக்கம் ஒன்றேகால் அடி முன்னால் தள்ளி நடுங்கள். குழியைக் களைக்கொத்தியால் தோண்டுங்கள். பெருவிரல் கனத்துக்கு மேல் வேர் வந்தால் குழியை நகர்த்துங்கள், வேரை வெட்டாதீர்கள். குழி வேர்க்கட்டியைப் போல் இரண்டு மடங்கு அகலம், ஆழம் அதே அளவு. ஆழமாகப் புதைத்தால் தண்டு அழுகும்.

இப்போது முக்கியமான ஒன்று. பழைய வேலியின் வேர்கள் நீங்கள் ஊற்றும் தண்ணீரையும் உரத்தையும் கன்றுக்கு விடாமல் குடித்துவிடும். நட்ட கன்று சாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். நான் செய்வது இது: பழைய பிளாஸ்டிக் எண்ணெய் வாளியின் அடியை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு, அந்த வளையத்தைக் குழியில் இறக்கி, அதற்குள் கன்றை நடுகிறேன். வாளியின் விளிம்பு மண்ணோடு மட்டமாக இருக்கும். பக்கத்து வேர் உள்ளே வர வாளியின் அடியைச் சுற்றித்தான் வரவேண்டும். அதற்குள் கன்று கீழே வேர்விட்டுவிடும்.

தோண்டிய மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்புங்கள். மக்காத கோழி எருவைப் போடாதீர்கள், சூட்டில் வேர் வெந்துவிடும். ரசாயன உரமும் குழிக்குள் வேண்டாம். ஆறு வாரம் கழித்து, கடையில் நீல உரம் என்று சொல்லும் 12:12:17:2 கலவையில் ஒரு மேசைக்கரண்டி எடுத்து, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளித் தூவித் தண்ணீர் ஊற்றுங்கள்.

9. நிழலான இடத்துக்கு வேறு செடி

வேலி முழுக்க ஒரே செடியாக இருந்தால்தான் அழகு என்று பிடிவாதம் வேண்டாம். அடி மறைந்தால் போதும் என்றால் நிழல் தாங்கும் செடிகள் இருக்கின்றன.

என் முதல் தேர்வு பெரணி. செம்பனைத் தோட்டத்தில் மரத்தண்டிலும் தரையிலும் அடர்ந்து வளருமே, நீளமான ஓலை உள்ள பெரணி, அதேதான். நிழலில் பச்சையாக நிற்கும், ஆழமாக வேர்விட்டு வேலியோடு சண்டை போடாது. தோட்டத்தில் கேட்டுவிட்டு நாலு தூர் எடுத்து வாருங்கள். ஓடி ஓடிப் பரவும், வருடம் இரண்டு முறை ஓரத்தை வெட்டிவிட வேண்டும்.

செஃப்லெரா நிழலிலும் அடர்த்தியாக வளரும், இடுப்பு உயரத்தில் வெட்டி நிறுத்தலாம். ராபிஸ் பனை மெதுவாக வளர்ந்தாலும் பல வருடம் நிற்கும். கெமுனிங் பலருக்குப் பிடிக்கும், பூ வாசனையாக இருக்கும். ஆனால் அதில் தங்கும் சின்னப் பூச்சி எலுமிச்சை வகைச் செடிகளுக்கு இலை மஞ்சளாகும் நோயைக் கொண்டுபோகக்கூடியது. வீட்டில் லீமாவ் (எலுமிச்சை) இருந்தால் தவிர்த்துவிடுங்கள். அன்னாசி இனத்து அழகுச் செடியான பிரொமிலியாட் வேண்டவே வேண்டாம். இலைக்குழியில் தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும், டிங்கிக்கு நாமே வாசல் திறந்துவிட்ட மாதிரி ஆகும்.

10. நட்ட பிறகு ஆறு மாதம்

மழை பெய்கிறதே என்று தண்ணீர் ஊற்றாமல் விட்டுவிடுகிறார்கள். வேலி ஒரு குடை. தூறல் மழையெல்லாம் மேலேயே தங்கிவிடும், அடியில் மண் பொடியாக இருக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை மூடாக்கை விலக்கி விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். இரண்டாவது கணு வரை காய்ந்திருந்தால் ஒரு கன்றுக்கு மூன்று லிட்டர், மெதுவாக. ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

கன்று வேலியைத் தொடும் வரை வெட்டாதீர்கள். தொட்டதும் நுனியை மட்டும் கிள்ளி, பக்கத்தில் பருக்க விடுங்கள். கன்றுக்குப் பின்னால் இருக்கும் பழைய கிளைகளைத் தொடர்ந்து சாய்வாகவே வெட்டி வாருங்கள். இல்லாவிட்டால் மேல்பகுதி மறுபடி விரிந்து கன்றை மூடிவிடும்.

வீட்டில் புல் வெட்ட ஆள் வருவார் என்றால், கன்றுக்கு முன்னால் இரண்டு செங்கல்லை நிறுத்தி வையுங்கள். சொல்லி வைத்தால் மறந்துவிடுவார்கள், செங்கல்லைப் பார்த்தால் மெஷினைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

11. ஒரு செடியே முழுதாகச் செத்திருந்தால்

இழுத்துக் கட்டுவதும் முன்னால் நடுவதும் இங்கே உதவாது. தண்டைத் தரை மட்டத்தில் அறுத்துவிட்டு, தூரைத் தோண்டி எடுங்கள். பக்கத்துச் செடியின் வேர் அதோடு பின்னியிருந்தால், பிடுங்காமல் தூரை மட்டும் சுற்றி அறுத்து எடுங்கள்.

வேரழுகலால் செத்தது என்றால் அந்தக் குழியில் அதே செடியை உடனே வைக்காதீர்கள். நோய் மண்ணில் இருக்கிறது, வெட்டிய கத்தரியிலும் இருக்கிறது. ஸ்பிரிட்டால் துடைத்த பிறகே அடுத்த செடியைத் தொடுங்கள். தண்ணீர் வடிய வழி செய்து, மண்ணை ஒரு சாண் மேடாக்கி, அந்த மேட்டின் மேல் போடோகார்பஸோ பெரணியோ வையுங்கள். மேடு ஒரு மழைக்காலம் கரையாமல் நின்று, தண்ணீரும் தேங்காமல் ஓடினால் அடுத்த அக்டோபரில் பழைய செடியின் கன்றை அதே மேட்டில் நட்டுப் பார்க்கலாம்.